ஹவில்தார் பிறந்த லயம்

கண்டி, சனிக்கிழமை இரவு

அப்பாவுக்கு வருடத் திதி கொடுத்து முடித்த மறுவாரமே, அவர் பிறந்த தோட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், சென்னையிலிருந்து விமானத்தில் கொழும்புக்கும் அங்கிருந்து வாடகை வேனில் கண்டிக்கும் வந்து சேர்ந்திருக்கிறோம். சிக்னல் கிடைக்கும் இடங்களில் அன்றன்றைய குறிப்பை அன்றன்றே எழுதி இடுவதாக எண்ணம்.

அப்பாவை அறியாதவர்களுக்காக முதலில் அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் 1956இல் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் பிறந்தார். 1974இல் தாய் தந்தையருடனும் இரண்டு தம்பிகளுடனும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டு, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு, சேரம்பாடிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். 1976இல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அதன்பிறகு குன்னூரில் ஒரு வங்கியின் வாசலில் காவலராக நின்று எங்கள் இருவரையும் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவின் எந்தப் பழக்கத்துக்கும் ஒரே விளக்கம்தான் உண்டு, அது பட்டாளம். விடியற்காலை நான்கரைக்கு எழுந்துவிடுவது பட்டாளம். எழுந்த மறுநிமிடம் கம்பளியை மடித்து மூலையில் வைப்பது பட்டாளம். இரவு கதவைச் சாத்துவதற்கு முன் ஆளுக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் வந்த பிறகே தாழ்ப்பாள் போடுவதும் பட்டாளம்தான். பதினாறு வயதில் தோழி வீட்டில் தங்கிய ஓர் இரவில்கூட என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அம்மா பதில் சொன்ன பிறகுதான் படுத்தாராம். அறுபது நாள் ஆண்டு விடுப்பில் வரும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் அவரே தலை வாரிவிடுவார். அவர் பின்னிய சடை மாலைவரை ஒரு முடிகூடக் கலையாது, ஆனால் புருவம் இரண்டும் மேலே இழுபட்டு நிற்கும். அதையும் பட்டாளத்துக் கணக்கிலேயே எழுதினோம்.

இன்று மாலை அம்மாவின் விருப்பப்படி, கண்டியிலுள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறைக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரில் இத்தீவில் இறந்த பிரித்தானியர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆப்பிரிக்கர் ஆகியோர் ஒரே புல்வெளியில் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு கல்லிலும் வயதை மட்டும் படித்துக்கொண்டே நடந்தார். இறந்தவர்களில் பலரும் இருபதுகளில் இருந்தவர்கள். “நம்மாள் பென்ஷன் வாங்கின ஆள்” என்று திரும்பும் வழியில் ஒரே ஒருமுறை சொன்னார். பட்டாளத்துக்காரர்களின் மனைவியருக்கு அதுவே பெரிய பாக்கியம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்த கணக்கு.

இந்தியாவின் உதவித் தூதரகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. இந்தியாவுக்கு மனுப் போட்ட தோட்டத்து மக்கள் கடவுச்சீட்டுக்காகவும் குடும்ப அட்டைக்காகவும் மலையிலிருந்து இறங்கி வந்து காத்து நின்றது கண்டியில்தான். பாட்டி தன் வாழ்நாளில் பார்த்த பெரிய பட்டணம் என்று கண்டியைத்தான் சொல்வார். ஆனால் அவர் கண்டியில் பார்த்ததாக ஏரியையோ தலதா மாளிகையையோ சொன்னதில்லை, ஒரு வரிசையையும் ஒரு ஜன்னலையும் மட்டுமே சொல்லியிருக்கிறார்.

ஹட்டன், ஞாயிற்றுக்கிழமை

கண்டியிலிருந்து ரயிலில் வந்தோம். இங்கே ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். அப்பாவும் சாகும்வரை மேட்டுப்பாளையம் ரயிலைக்கூடக் கோச்சி என்றுதான் சொன்னார். கம்பளை, நாவலப்பிட்டி கடந்து வட்டவளையை நெருங்கும்போது வண்டி மெல்ல ஊர்ந்து ஏறத் தொடங்கியது, தேயிலை இரண்டு பக்கமும் ஜன்னல்வரை வந்துவிட்டது. வெளிநாட்டுப் பயணிகள் வாசற்படியில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீலகிரியில் பிறந்து தேயிலைக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியில் அதிசயம் எதுவும் இல்லை. சரிவில் எந்த இடத்தில் லயம் இருக்கும், எந்த மேட்டில் துரை பங்களா இருக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லியும் பார்த்தேன், பெரும்பாலும் சரியாகவே இருந்தது. வெள்ளைக்காரன் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரிதான் தோட்டம் போட்டிருக்கிறான்.

அப்பா இந்தத் தண்டவாளத்தில் எதிர்த்திசையில் போனது 1974இல். அதன் காரணத்தை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் இல்லாமல் ஆனார்கள். அப்பா பிறந்தபோது அவருக்கு நாடு கிடையாது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டுக்கொண்டார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை இன்னொரு பட்டியலிலும் வருவார்கள் என்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் எந்த ஏற்பாடும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. அப்பாவின் அக்கா 1971இலேயே கல்யாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருடைய புகுந்த வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்திருந்தார்கள், தாத்தா இந்தியாவுக்கு மனுச் செய்திருந்தார். 1973, 74 ஆண்டுகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழத் தொடங்கியபோது, அதுவரை தயங்கிக்கொண்டிருந்த தாத்தா கிளம்பிவிட்டார். ஹட்டன் ஸ்டேஷனில் இன்று நாங்கள் இறங்கிய இதே மேடையில்தான் வழியனுப்ப வந்தவர்கள் இழவு வீட்டில் அழுவதைப் போல மாரடித்து ஒப்பாரி வைத்தார்களாம். கோச்சி நகர்ந்த பிறகும் அத்தை ஜன்னல் கம்பியை விடாமல் மேடை முடியும்வரை ஓடிவந்ததாக அப்பா சொல்வார். அப்போது அப்பாவுக்குப் பதினெட்டு வயது.

சிவனொளிபாதமலைப் பருவம் முடியவில்லை என்பதால் ஹட்டன் நகரம் முழுவதும் யாத்திரிகர்களால் நிறைந்திருக்கிறது. அறை கிடைத்ததே பெரிது.

மஸ்கெலியா, திங்கட்கிழமை

டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பேருந்தில் வந்தோம். ஊரை நெருங்கும்போது மவுசாக்கலை நீர்த்தேக்கம் தெரிந்தது. இந்த அணை 1969இல் கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் அப்படியே நீருக்குள் போயிற்று. கடைகளும் மக்களும் மேலேயுள்ள இன்றைய நகரத்துக்கு மாற்றப்பட்டார்கள். வெயில் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிந்த சுவர்களோடு மேலே வரும். இப்போது நீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்ததால், வெடித்த சேற்றின் நடுவே கோயிலின் கல்தூண்களைச் சாலையிலிருந்தே பார்க்க முடிந்தது. அந்தக் கோயில் வாசலில் கடலை வாங்கித் தின்றதை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். சொந்த ஊர் தண்ணீருக்குள் இருக்கிறது என்று வெலிங்டனில் சொன்னபோது கூட இருந்த சிப்பாய்கள் யாரும் நம்பவில்லையாம்.

அத்தை பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஆனாலும் சரிவில் எங்களுக்கு முன்னால் நடந்தார். அம்மாவும் அவரும் நேரில் பார்த்துக்கொள்வது இதுவே முதல் தடவை, அதுவரை போன்தான். அழுது முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

அத்தை இருப்பது லயத்தில் இல்லை. இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த தனி வீட்டில் இருக்கிறார். மலையகத்தில் இந்தத் திட்டத்தின் கீழ் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தபோது அறிவித்த 10,000 வீடுகள் என்று கணக்கு. “இந்தியாவுக்குப் போனவன் பென்ஷன் காசுல வீடு கட்டினான், போகாத எனக்கு இந்தியாவே வந்து வீடு கட்டிக் குடுத்துச்சு” என்று சொல்லி அத்தை சிரித்தார்.

இரவு படுக்கும் நேரத்தில்தான் பேச்சு சூடுபிடித்தது. அத்தை தன் கம்பளியை எடுத்து வந்து பாயில் விரித்தபோது, அதில் விழுந்திருந்த மடிப்புகளை அம்மா உற்றுப் பார்த்தார். நீளவாக்கில் மூன்றாக மடித்து, பிறகு தலைப்பக்கத்திலிருந்து சுருட்டி, கடைசி முனையைச் சுருளின் வாய்க்குள் செருகிவிடுவது. தூக்கி எறிந்தாலும் அவிழாது. அப்பா மடித்ததும் அச்சு அசலாக இப்படித்தான். “இது பட்டாளத்துல சொல்லிக் குடுத்தது அண்ணி” என்று அம்மா சொன்னார். “யாரு சொன்னா? கொழுந்து மலைக்கு மழையில கம்பளி போட்டுட்டுப் போயி வந்தா, அந்தப் பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல ஆறு பேரு கம்பளிய வேற எப்படிப் புள்ள வைப்பாங்க? எங்க ஆத்தா அடிச்சுப் பழக்கினது இது” என்றார் அத்தை.

அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்குத் தோட்டத்துக்குப் போகிறோம்.

மஸ்கெலியா, செவ்வாய்க்கிழமை

அத்தையின் மகன் தன் த்ரீவீலரில் எங்களை மேலே கூட்டிக்கொண்டு போனார். விடியுமுன்பே கிளம்ப வேண்டும் என்று அத்தை கட்டளையிட்டிருந்ததால் பிரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கூடி, பெயர் கூப்பிடப்பட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரிக்கப்படும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். அப்பாவின் சிறுவயதில் அதிகாலையில் தப்பு அடித்து லயங்களை எழுப்புவார்களாம். அந்த ஒலி கேட்டதும் பாட்டி எழுந்து ரொட்டி தட்டி, சாயத் தேத்தண்ணி வைத்து, தோள்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். தாமதமானால் அன்றைக்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் கூலி இல்லை.

கணக்கப்பிள்ளை கையில் ஏட்டுடன் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பெண்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்தார். கூப்பிடும் அந்த ராகத்தில், பெயரின் கடைசி எழுத்தைச் சற்றே இழுத்து நிறுத்துவதில், எங்கள் வீட்டு இரவுக் கதவோரம் கேட்ட குரல் அப்படியே இருந்தது. பட்டாளத்திலும் ரோல்கால் உண்டு, அது இந்தியில், வெட்டி வெட்டி வரும். அப்பாவே எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். எங்களைக் கூப்பிட்டது அந்தக் குரலில் அல்ல.

அவர்கள் இருந்த லயம் இன்னும் இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் ஓர் ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்கு இஸ்தோப்பு என்ற திண்ணை, உள்ளே ஒற்றைக் காம்பரா, அதன் மூலையில் அடுப்பு. இப்போது அங்கே குடியிருக்கும் குடும்பம் எங்களை உள்ளே அழைத்து, உள்ளங்கையில் சீனியை வைத்துக் கடித்துக்கொள்ளும்படி சாயத் தேத்தண்ணி கொடுத்தது. வீட்டுக்காரி கொழுந்தெடுப்பவர், நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாயாக்குவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் கிடைத்தது, அதற்குள் சாமான் விலை எங்கோ போய்விட்டது என்று சலித்துக்கொண்டார். தாத்தா காலத்தில் தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. அவர்கள் கிளம்பிய மறு ஆண்டு, 1975இல் அரசுடைமை ஆயிற்று. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளுக்குப் போயிற்று. லயம் மட்டும் கைமாறாமல் அதே ஆட்களிடம் இருக்கிறது.

திரும்பும் பாதையில் அத்தை ஒரு வளைவைக் காட்டினார். துரை குதிரையிலோ மோட்டார் சைக்கிளிலோ வரும் சத்தம் கேட்டால் பாதையை விட்டு இறங்கி ஓரத்தில் நிற்க வேண்டும். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்கிவிட வேண்டும். தாத்தா ஒருநாள் அந்த வளைவில் சத்தம் கேட்காமல் குடையோடு வந்துவிட்டார் என்பதற்காக ஒரு வாரம் பெயர் கொடுக்கவில்லையாம். கூடவே வந்து அதைப் பார்த்தவர் பத்து வயது அப்பா.

குன்னூரில் வங்கி மேலாளரின் கார் வாசலில் நுழையும்போதெல்லாம் அப்பா கொட்டும் மழையில் குடையை மடக்கிவிட்டு நிற்பார். நனைந்து வந்து காய்ச்சலில் படுத்திருக்கிறார். மேலாளரே வேண்டாம் என்று சொல்லியும் அவர் விடவில்லை. பட்டாளத்து மரியாதை என்று அம்மா அதற்கும் பெருமைப்படுவார். இன்று அந்தக் கதையை அத்தையிடம் சொன்னபோது, “பட்டாளத்துல ஏது புள்ள குடை?” என்று அத்தை கேட்டார். அம்மா பதில் பேசவில்லை.

எனக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல உரிமை இருக்குமானால், பாதியை மட்டும் அத்தையின் பக்கம் எழுதுவேன். விடியலில் எழுவதும் கம்பளி மடிப்பும் பெயர் கூப்பிடுவதும் இந்த மலை கொடுத்தவை. குடை மடக்கியதும் இந்த மலை கொடுத்ததுதான், அது கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பட்டாளம் அவருக்கு ஒன்று கொடுத்திருக்கிறது, அதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நான் பள்ளியில் படித்தபோது, அதிகாரிகளுக்குச் சல்யூட் அடித்துக்கொண்டே இருப்பது அவமானமாக இருக்காதா என்று துடுக்காகக் கேட்டேன். “நான் அடிச்சா அவரும் திருப்பி அடிக்கணும், கர்னலா இருந்தாலும் அடிக்கணும், அது சட்டம்” என்றார். இருபது வயதுவரை கும்பிட்ட கைக்குப் பதில் கும்பிடு காணாத ஒரு மனிதர், எந்த அதிசயத்தைக் கண்டு அந்தச் சீருடையை 24 ஆண்டுகள் போட்டிருந்தார் என்பது அந்த வளைவில் நின்றபோது எனக்கு விளங்கியது.

மஸ்கெலியா, புதன்கிழமை

இன்று வெளியே எங்கும் போகவில்லை. காலையில் மாரியம்மன் கோயிலில் அப்பா பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்ததும் அத்தை ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். பிரஜாவுரிமைச் சான்றிதழ், மாமாவின் மரணச் சான்றிதழ், ஒரு தாலிக்கொடிச் சீட்டு, அவற்றுக்கெல்லாம் அடியில் நான்காக மடித்த ஒரு கோடு போட்ட தாள். அப்பாவின் கையெழுத்து. வவுனியா, 1988.

அப்பா தன் பிறந்த நாட்டுக்கு ஒருமுறை திரும்பி வந்தார் என்பதையும், வந்தது இந்திய அமைதிப் படையின் சிப்பாயாக என்பதையும் இதுவரை எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1990 மார்ச் 24இல் கடைசி அணி கப்பலேறும்வரை அந்தப் படை வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்கு அந்த ஆண்டுகள் என்னவாக இருந்தன என்பதை, 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இதைப் படிப்பவர்களில் சிலர் அதை நேரில் அனுபவித்திருப்பீர்கள். அப்பா அடுத்த ஆண்டில்தான் வந்தார் என்பதைச் சொல்வது அவருக்காக வாதாடுவதற்கு அல்ல. அவர் அந்தக் காலத்தைப் பற்றி எங்களிடம் எதுவுமே பேசியதில்லை. பதக்கங்களில் ஒன்றின் பட்டையில் ஸ்ரீலங்கா என்று பொறித்திருக்கும். குடியரசு தினத்தன்று மற்றவற்றைத் துடைப்பார், அதைத் துடைக்க மாட்டார்.

அம்மாவுக்கு அந்த நாட்களில் வந்த கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. பட்டாளத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த 56 ஏபிஓ என்ற விலாசம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு இன்லேண்ட் கடிதத்திலும் முதலில் அம்மாவுக்கு, பிறகு அக்காவுக்கு, பிறகு எனக்கு என்று பெயர் போட்டுத் தனித்தனியாக எழுதியிருப்பார். எனக்கு நான்கு வயது, படிக்கத் தெரியாது. என் பங்கில் ஒரு யானை வரைந்திருப்பார். அவர்கள் ரெஜிமென்டின் சின்னம் யானை.

அத்தைக்கு வந்த கடிதம் தபாலில் வரவில்லை. 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட மலையகத் தமிழர் பலர் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியிருந்தார்கள். தமிழ் தெரிந்த சிப்பாய் என்பதால் அப்பாவைச் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க நிறுத்தியிருக்கிறார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்ன அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, வரிசையில் நின்ற ஒரு வயதான பெண், “நீ எந்தத் தோட்டத்துப் புள்ளப்பா?” என்று கேட்டுவிட்டார். துப்பாக்கியோடு நின்ற அப்பா தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் தங்கை நோர்வூட்டில் இருந்ததால் கடிதம் அவருடைய சேலை முடிச்சில் மலைக்கு வந்து சேர்ந்தது. இதையெல்லாம் அத்தையிடம் சொன்னது கடிதத்தைக் கொண்டுவந்த அந்த அம்மாள்தான்.

கடிதத்தில் அரைப் பக்கம்கூட இல்லை. தான் நலம் என்றும், இரண்டு பெண் குழந்தைகள் என்றும், ஒரு பகல் பேருந்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தும் வர அனுமதி இல்லை என்றும், லயத்துக்குப் பின்னால் தான் நட்ட கொய்யா காய்க்கிறதா என்றும் எழுதியிருந்தார். பதில் போட வேண்டாம் என்று கடைசி வரியில் இருந்தது. அத்தையும் போடவில்லை. அது தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி உச்சத்தில் இருந்த காலம். இந்தியப் பொருட்களை விற்கக் கூடாது என்று கடைகளுக்கே மிரட்டல் வந்துகொண்டிருந்தபோது, இந்தியச் சிப்பாயின் அக்கா என்று தெரிந்தால் ஒரு பக்கம் ஆபத்து, மலையகத் தமிழர் என்றாலே சந்தேகப்பட்ட காவல்துறையால் இன்னொரு பக்கம் ஆபத்து. கடிதம் சுற்றி வந்த தாளை அடுப்பில் போட்டுவிட்டு, கடிதத்தை மட்டும் டின்னுக்கு அடியில் வைத்தாராம்.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி இன்றுதான் தெரியும். இரண்டு முறை படித்தார். “கொய்யா காய்ச்சுதா அண்ணி?” என்று கேட்டார். காய்த்ததாம், சிவப்புக் கொய்யா. தொண்ணூறுகளில் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டபோது வெட்டிவிட்டார்கள்.

மஸ்கெலியா, வியாழக்கிழமை

அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் பழைய சேர்வு இடாப்பு இருக்கக்கூடும் என்று அத்தை மகன் சொன்னதால் இன்று அங்கே போனோம். அக்காலத்தில் ஒற்றை மண்டபத்தில் ஒற்றை ஆசிரியருடன் நடந்த தோட்டப் பள்ளி அது. எழுபதுகளில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதன் பிறகு படிப்படியாக வளர்ந்து இப்போது மாடிக் கட்டடத்தோடு இருக்கிறது. அதிபர் இளைஞர், அவரும் லயத்தில் பிறந்து ஆசிரியர் கலாசாலைக்குப் போனவர். அலமாரியின் அடித்தட்டிலிருந்து துணி அட்டை போட்ட நீளமான ஏட்டை எடுத்து வந்து, கரையான் அரித்த ஓரங்களைக் கையால் அணைத்துக்கொண்டு புரட்டினார்.

1962இல் சேர்ந்தவர்களில் அப்பா பெயர் இருந்தது. தகப்பன் பெயர், தோட்டத்தின் டிவிஷன், பிறந்த திகதி, எல்லாம் நீல மையில். விலகிய காரணம் என்ற பத்தியில் ‘தோட்டத்தில் பெயர் பதிந்தது’ என்று எழுதியிருந்தது. அதாவது பதினான்கு வயதில் வேலைக்குப் போய்விட்டார். சித்தப்பாக்கள் இருவருடைய பெயர்களும் சில பக்கங்கள் தள்ளி இருந்தன. அங்கே அதே பத்தியில் மேலே ‘இந்தியா’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, அதன் கீழே பக்கம் முடியும்வரை மேற்படி என்பதைக் குறிக்கும் இரட்டைக் கோடுகள் மட்டுமே இருந்தன. எழுதிய ஆசிரியருக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஒப்பந்தங்களின் பயனாகக் கடல் கடந்த நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் இந்த ஒரு பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

அதிபர் எங்களை மண்டபத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். படித்து முன்னுக்கு வந்த பழைய மாணவர்களின் படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்; ஆசிரியர்கள், ஒரு மருத்துவர், ஒரு சட்டத்தரணி. அப்பாவின் கதையைக் கேட்ட பிறகு, அவர் படமும் வேண்டும் என்றார். அம்மா அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தவரைப் போலக் கைப்பையைத் திறந்து, பதக்கங்கள் அணிந்து சீருடையில் நிற்கும் அப்பாவின் படத்தை எடுத்து நீட்டினார்.

“இந்தச் சட்டையோட வேணாம்” என்றார் அத்தை. இந்தப் பள்ளியில் வடக்கிலிருந்து வந்த ஆசிரியைகள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது, வேட்டி கட்டிய கல்யாணப் படத்தைக் கொடுக்கலாம் என்பது அவர் வாதம். அந்தச் சட்டையால்தான் அவர் முன்னுக்கு வந்தார், அந்தச் சட்டையை எடுத்துவிட்டால் எதற்காக அவர் படத்தை மாட்டுகிறார்கள் என்பது அம்மாவின் வாதம். அதிபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அவரைப் போலத்தான் நின்றிருப்பேன். அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது, அம்மா சொன்னதில் அப்பா இருந்தார்.

படத்தைக் கொடுக்காமலே திரும்பினோம். த்ரீவீலரில் வரும்போதும் இரவுச் சாப்பாட்டின்போதும் வழக்கு நடந்துகொண்டிருந்தது, கட்டசம்பல் தொட்டு ரொட்டி தின்றுகொண்டே இருவரும் குரலை உயர்த்தினார்கள். நாளைக் காலை கொழும்புக்குப் பேருந்து. ஊருக்குப் போனதும் இரண்டு படங்களையும் ஸ்கேன் செய்து அனுப்புவதாக அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். சீருடைப் படத்தை முதலில் அனுப்பச் சொல்லி அம்மா இப்போதே உத்தரவு போட்டுவிட்டார்.